முதுகு வலிக்கு வீடியோவில் டொக்டரைப் பார்ப்பது எப்படி: மலையகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அம்மா 27 வருடம் கொழுந்து எடுத்தவர். இடுப்பு வலி அவருக்குப் புதிதல்ல. ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்குப் போய்விடுவார். போன வருடம் மழைக்காலத்தில் அந்த வலி இடுப்பிலிருந்து வலது காலுக்கு இறங்கியபோதுதான் வீட்டில் எல்லோரும் பயந்தோம். தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்டிக்கு இன்னொரு பஸ். போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். வளைந்து வளைந்து இறங்கும் ரோட்டில் அத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பதே வலியைக் கூட்டும். போனிலேயே டொக்டரைப் பார்க்கலாம் என்று தம்பி சொன்னதும் உடனே ஒத்துக்கொண்டோம்.

முதல் தடவை பணம்தான் போனது. கிடைத்த பத்து நிமிடத்தில் பாதி "கேக்குதுங்களா, கேக்குதுங்களா" என்பதிலேயே கழிந்தது. "எப்ப இருந்து வலிக்குது?" என்று டொக்டர் கேட்டார். "ரொம்ப நாளாங்க" என்றார் அம்மா. "எந்த மாதிரி வலி?" "தாங்க முடியலைங்க." அவ்வளவுதான். ஒரு வலி மாத்திரையை எழுதிவிட்டு, நேரில் யாரிடமாவது காட்டுங்கள் என்று சொல்லி முடித்தார். அவர்மேல் குற்றமில்லை. நாங்கள் அவருக்கு எதையுமே சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து இரண்டாம் தடவை பேசும்போது கையில் ஒரு தாள் இருந்தது. அதே பத்து நிமிடத்தில் வலி எந்த நரம்பிலிருந்து வருகிறது, இப்போதைக்கு ஸ்கேன் ஏன் வேண்டாம், எந்த மாத்திரை அம்மாவின் பிரஷருக்கு ஆகாது என்று எல்லாம் தெரிந்துகொண்டோம். அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்ட வீடுகளில்) பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். முதுகு வலியைப் பொறுத்தவரை நோயாளி சொல்லும் கதையே பெரிய பரிசோதனை. அந்தக் கதையைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் கொழும்பில் இருக்கும் டொக்டரும் பக்கத்தில் இருப்பதுபோலத்தான். கீழே எழுதியிருப்பது அப்படி உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

முதல் படி: போனை எடுப்பதற்கு முன்

சில முதுகு வலிக்கு வீடியோ ஆகாது. அதற்கு ஆஸ்பத்திரிதான். தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டும் வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது மூத்திரமும் மலமும். முதுகு வலியோடு மூத்திரம் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போய்விட்டாலோ, மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும்போது தரையில் படும் இடமும் தொடைகளின் உட்பக்கமும் மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் பலமிழந்து வந்தாலோ, அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகுத்தண்டின் கீழ்முனையில் குதிரை வால்போலப் பிரியும் நரம்புக் கட்டு நசுங்கினால் இப்படி வரும். மணிக்கணக்கில் தாமதித்தால்கூட அந்த நரம்புகள் திரும்ப வேலை செய்யாமல் போகலாம். எங்கள் பெண்கள் இதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிடுவார்கள். வீட்டில் ஒருவருக்கு முதுகு வலி கடுமையாக இருந்தால், மகளோ மருமகளோ தனியாகக் கூப்பிட்டு "அம்மா, ஒண்ணுக்கு சரியா போகுதா? கழுவும்போது தொட்டா தெரியுதா?" என்று நேராகக் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது காய்ச்சல். முதுகு வலியோடு காய்ச்சலும் இருந்தால் அதை முதுகு வலி என்று மட்டும் நினைக்காதீர்கள். டெங்கு உடம்பு முழுவதையும் இடுப்பையும் முறிக்கிற மாதிரி வலிக்கவைக்கும். கானிலும் (தண்ணீர் ஓடும் வடிகாலிலும்) சேற்றிலும் மரக்கறித் தோட்டத்திலும் வெறுங்காலோடு நின்று வேலை செய்பவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சல், கெண்டைக்காலையும் இடுப்பையும் பிடித்து இழுக்கும். இந்த இரண்டிலும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகள் ஆபத்து. டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும், எலிக்காய்ச்சலில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காய்ச்சல் இருக்கும்போது பெனடோலைத் (பரசிட்டமோல்) தவிர வேறு எந்த வலி மாத்திரையையும் நீங்களாகப் போடாமல், போய் இரத்தம் பரிசோதியுங்கள்.

விழுந்து அடிபட்டாலும் அப்படியே. மழையில் படியில் வழுக்கி, கூடையோடு மல்லாக்க விழுந்தவர் "ஒண்ணும் இல்ல" என்று எழுந்து நடந்தாலும், நடு முதுகெலும்பில் தொட்டால் வலி இருந்தால் எக்ஸ்ரே பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், நெடுநாள் ஸ்டீரொய்ட் மாத்திரை போட்டவர்களுக்கும் எலும்பு மெலிந்திருக்கலாம். சின்ன விழுகையிலேயே முள்ளந்தண்டு எலும்பு நசுங்கிப்போகலாம். பலமாக விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்து த்ரீவீலில் ஏற்றாதீர்கள். படுத்தபடியே, அசையவிடாமல் வைத்துக்கொண்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காசு கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், மேல் கணக்கா கீழ்க் கணக்கா, மெயின் ரோட்டில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், பக்கத்தில் எந்தக் கோயில் என்று ஒரே மூச்சில் சொல்லத் தயாராக இருங்கள். ஒருவரைச் சந்திக்கு அனுப்பி நிற்கவையுங்கள். எங்கள் ரோட்டில் புதிதாக வருகிறவர் வழி தெரியாமல் சுற்றும் நேரம் அதிகம்.

காரணமில்லாமல் மெலிந்துகொண்டே போவது, ராத்திரி படுத்தாலும் விடாத வலி, முன்பு புற்றுநோய் இருந்தது, பல கிழமையாக இருமலும் மாலைக் காய்ச்சலும் (முள்ளந்தண்டிலும் காசநோய் வரும்), விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு அலை அலையாக இறங்கும் வலியோடு மூத்திரத்தில் இரத்தம், இவையெல்லாம் நேரில் காட்ட வேண்டியவை. வயதானவருக்குத் திடீரென்று வயிறும் முதுகும் சேர்ந்து கிழிகிற மாதிரி வலித்து மயக்கம் வந்தால் அதுவும் 1990தான்.

இவை எதுவும் இல்லையா? அப்படியானால் போனை எடுக்கலாம். முதுகு வலிகளில் பெரும்பாலானவை இந்த ஆபத்தில்லாத வகைதான். தசையும் மூட்டும் வட்டும் (முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் இருக்கும் டிஸ்க்) சம்பந்தப்பட்டவை, சில கிழமைகளில் தானாகவே குறைபவை.

இரண்டாம் படி: யாரைப் பார்ப்பது

எடுத்த எடுப்பில் நரம்பு சத்திரசிகிச்சை நிபுணரைத் தேடாதீர்கள். செலவும் கூட, காத்திருப்பும் கூட. முதலில் ஒரு பொது எம்பிபிஎஸ் டொக்டர் போதும். ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று பிரித்து, அடுத்து எங்கே போக வேண்டும் என்று அவர் சொல்வார். நாற்பது வயதுக்குள் இருப்பவருக்குக் காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு இறுகிக் கிடந்து, நடமாட நடமாடக் குறைகிறதென்றால் மூட்டுவாத நிபுணரைப் பார்ப்பது நல்லது. நம் நாட்டில் அவர்களே புனர்வாழ்வு மருத்துவத்தையும் பார்ப்பதால், நாள்பட்ட முதுகு வலிக்கும் பொருத்தமானவர்கள். காலுக்கு இறங்கும் வலி குறையாமல் நின்றால் எலும்பியல் அல்லது நரம்பு சத்திரசிகிச்சை நிபுணர், அதுவும் பொது டொக்டர் சொன்ன பிறகு.

இலங்கையில் ஓடொக், டொக்990 போன்ற செயலிகள் மூலம் வீடியோவில் டொக்டர்களைப் பார்க்கலாம். சில தனியார் வைத்தியசாலைகளும் வட்ஸ்அப்பிலோ சொந்தச் செயலியிலோ நேரம் தருகின்றன. எதில் பார்த்தாலும் டொக்டரின் முழுப் பெயரையும் பதிவு இலக்கத்தையும் எழுதிக்கொண்டு, இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பெயர் அங்கே இல்லாதவரிடம் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். சுதேச வைத்தியரைப் பார்க்க விரும்பினால் அவர் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேளுங்கள்.

முகநூலில் "முதுகு வலிக்கு நிரந்தரத் தீர்வு, 7 நாளில்" என்று வரும் விளம்பரங்கள் எங்கள் ஆட்களைத்தான் குறிவைக்கின்றன. பக்கத்து வீட்டு அண்ணன் அப்படி ஒரு பெல்ட்டும் பெயர் எழுதாத வெள்ளை மாத்திரையும் தபாலில் வரவழைத்தார். இரண்டு கிழமை வலி பறந்துவிட்டது, பிறகு முகம் ஊதியது, இரத்தத்தில் சீனி ஏறியது. மாத்திரையில் ஸ்டீரொய்ட் இருந்திருக்கும் என்று சந்தேகப்பட்டார் அவரைப் பிறகு பார்த்த டொக்டர். பெயரில்லாத மாத்திரை எந்தக் கையிலிருந்து வந்தாலும் வேண்டாம்.

மொழி பற்றி யோசிக்காமல் விட்டுவிடாதீர்கள். பதிவு செய்யும்போதே தமிழ் பேசும் டொக்டர் என்று தெரிவு செய்யுங்கள். அப்போதும் ஒரு சிக்கல் வரலாம். எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "நாரி நோகுதா?" என்று கேட்டார். அம்மா விழித்தார். நாரி என்றால் நம் அடி இடுப்பு, நோ என்றால் வலி. "விறைக்குதா?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்று தலையாட்டினார். காலையில் குளிரில் இடுப்பு இறுகிக் கிடப்பதைத்தான் அம்மா நினைத்தார். டொக்டரோ மரத்துப்போவதைக் கேட்டார். இந்த ஒரு சொல்லில் நோயே மாறிவிடும். அதனால் "விறைப்பு" என்று யார் சொன்னாலும் நிறுத்தி, "இறுக்கமா, தொட்டால் தெரியாத மாதிரியா?" என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

சிங்கள டொக்டர்தான் கிடைத்தார் என்றால் நாலு சொல் தெரிந்திருந்தால் போதும்: கொந்த என்றால் முதுகு, ககுல என்றால் கால், ரிதெனவா என்றால் வலிக்கிறது, ஹிரிவெட்டெனவா என்றால் மரத்துப்போகிறது. சிங்களம் நன்றாகத் தெரிந்த பிள்ளை பக்கத்தில் இருப்பது இன்னும் நல்லது.

மூன்றாம் படி: நேரம் எடுப்பதும் காசு கட்டுவதும்

இதில் சொல்ல அதிகம் இல்லை. செயலியில் நோயாளியின் பெயர், வயது, பாலினம் கொடுத்துப் பதியுங்கள். போன் பிள்ளையுடையது என்பதால் பிள்ளையின் பெயரில் பதிந்துவிட்டால், மருந்துத் துண்டும் அந்தப் பெயரில்தான் வரும், பாமசியில் பிரச்சினை. கட்டணத்தை எந்த வழியில் கட்டலாம் என்று முதலில் பாருங்கள். கார்ட் இல்லாதவர்கள் டவுனில் ஒரு கொமினிகேஷனில் (போன், பிரிண்ட் வேலை செய்யும் கடையில்) கேட்டால் வழி சொல்வார்கள். கட்டிய ரசீதை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள். மலை வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்த பிறகு வரும் நேரமாக எடுங்கள். கூடையை இறக்கிய களைப்போடு பேசினால் எல்லாமே வலிக்கிறது என்றுதான் சொல்ல வரும்.

தோட்டத்தில் லீவுக்கு மெடிக்கல் வேண்டும் என்றால், ஒன்லைன் கடிதத்தை ஏற்பார்களா என்று ஒபிசில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஒரு தாளில் கதையை எழுதுவது

இதுதான் முழு வேலையும். முதல் நாள் ராத்திரி சி.ஆர். கொப்பியில் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு, வலிக்கிறவரோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதுங்கள்.

இடத்திலிருந்து தொடங்குங்கள். "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டபோது எங்கள் அம்மா இரண்டு கையாலும் இடுப்பு முழுவதையும் தடவினார். "ஒரே ஒரு விரலால காட்டுங்க" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, கட்டைவிரலை பின்பக்கம் கொண்டுபோய் இடுப்பெலும்புக்கு மேல், நடுவுக்கு வலப்பக்கமாக அழுத்தினார். பிறகு அந்த விரல் தானாகவே குண்டியின் மேல் இறங்கி, தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வரை வந்து, கடைசியில் சின்ன விரலில் நின்றது. "இங்க வரைக்கும் வருதா?" என்று கேட்டேன். "ஆமா, சுள்ளுன்னு." அதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம் அது. டொக்டர் பிறகு இந்த வழியைக் கேட்டுத்தான் எந்த நரம்பு என்று சொன்னார்.

அடுத்து நாள். "ரொம்ப நாளா" என்று எழுதாதீர்கள். எங்கள் ஆட்களுக்குத் தேதி நினைவிருக்காது, ஆனால் திருவிழா நினைவிருக்கும். தீபாவளிக்கு முன்பா பிறகா, அந்தப் பெரிய மழைக்கு முன்பா, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய நாட்களிலா என்று கேட்டால் சரியாக வரும். திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல ஏறியதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வலியின் குணம்: கடுப்பா, குத்தலா, எரிச்சலா, கரண்ட் அடிப்பது போலா, இழுவையா. இந்தச் சொற்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன, தயங்காமல் பயன்படுத்துங்கள். டொக்டருக்கு "தாங்க முடியல" என்பதைவிட "எரியுது" என்ற ஒரு சொல் அதிகம் சொல்லும். அளவுக்கு 0 முதல் 10 வரை கேட்பார்கள். பிள்ளை பெற்ற வலியை 10 என்று வைத்துக்கொண்டால் இது எத்தனை என்று கேட்டால் அம்மாமார் சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

எதில் கூடும், எதில் குறையும்: குனிந்தாலா, நிமிர்ந்தாலா, உட்கார்ந்தாலா, இருமினாலா, தும்மினாலா, மேடு ஏறினாலா இறங்கினாலா. இருமும்போது காலுக்கு மின்னல் போல இறங்கினால் கட்டாயம் எழுதுங்கள். கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்து, குனிந்து உட்கார்ந்தால் தேவலை என்று இருந்தால் அதையும் எழுதுங்கள். வயதானவர்களுக்கு நரம்புப் பாதை ஒடுங்குவதால் அப்படி வரும்.

வேலையைப் பற்றி எழுதும்போது, டொக்டர் தேயிலை மலையைப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். "கொழுந்து எடுக்கிறேன்" என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. கூடையின் கயிறு நெற்றியில் மாட்டியிருக்கிறது, பாரம் முழுவதும் கழுத்திலும் முதுகிலும் இறங்குகிறது, ஒரு நாளைக்கு 18 கிலோவுக்கு மேல் எடுக்க வேண்டும், ஈரக் கொழுந்து இன்னும் கனக்கும், சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நிற்கிறார், நிறுவைக்கு இவ்வளவு தூரம் சுமக்கிறார் என்று எழுதுங்கள். முள்ளுக்குத்துகிறவர் (முள்ளு மண்வெட்டியால் மண்ணைக் கிளறுகிறவர்), மருந்தடிக்கும் டாங்கியைச் சுமக்கிறவர், மரக்கறி மூட்டை தூக்குகிறவர், தையல் மெஷினில் உட்கார்ந்தே இருப்பவர், ஒவ்வொருவரும் அவரவர் பாரத்தையும் நேரத்தையும் எழுத வேண்டும். இதைக் கேட்ட பிறகுதான் எங்கள் டொக்டர் எழுந்து நேராக உட்கார்ந்தார்.

கடைசியாக, மற்ற நோயும் மருந்தும். பிரஷர், சீனி வருத்தம், கேஸ்ட்ரிக், வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம், எந்த மருந்துக்காவது ஒவ்வாமை. இப்போது போடும் எல்லா மாத்திரையின் அட்டையையும் ஒரு தட்டில் கொட்டி, பெயரைப் பார்த்து எழுதுங்கள். டிஸ்பென்சரியில் கொடுத்தது, கடையில் ஒன்று இரண்டாக வாங்கியது, நாட்டு மருந்து, எல்லாம் சேர வேண்டும். பழைய எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட் இருந்தால் வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுத்து முதலிலேயே அனுப்பிவிடுங்கள். எக்ஸ்ரேயை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்து, பின்னால் வெளிச்சம் வரும்படி எடுத்தால் நன்றாக விழும்.

ஐந்தாம் படி: இடமும் சிக்னலும்

எங்கள் லயத்தில் சிக்னல் கோயிலடியில்தான் நன்றாக வரும். ஆனால் கோயிலடியில் நின்று மூத்திரம் போவதைப் பற்றிப் பேச முடியாது. அதனால் முதல் நாளே அதே நேரத்துக்கு, ஊருக்கு வெளியே இருக்கும் சொந்தக்காரருக்கு ஒரு வீடியோ கோல் போட்டு, வீட்டின் எந்த மூலையில் படம் நிற்காமல் வருகிறது என்று பாருங்கள். ஒரு சிம்மில் வராவிட்டால் பக்கத்து வீட்டில் வேறு கம்பனி சிம் இருக்கிறதா என்று கேட்டு ஹொட்ஸ்பொட் வாங்கிக்கொள்ளுங்கள். மழையும் மூட்டமும் உள்ள நாளில் கரண்ட் போகலாம், முழு சார்ஜ் வேண்டும். எதுவும் நடக்காவிட்டால் சாதாரண கோலில் எடுக்கச் சொல்ல டொக்டருக்கு நம்பரை முன்பே கொடுத்து வையுங்கள். படமில்லாமல் குரல் மட்டும் கேட்டாலும் கதையைச் சொல்லிவிடலாம்.

காம்பராவில் (லயத்து அறையில்) சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டுக்கு எல்லாம் கேட்கும். இயர்போன் போட்டால் டொக்டரின் கேள்வியாவது வெளியே போகாது. பதிலைத் தாளில் எழுதிக் காட்டலாம், "ஆமாங்க, இல்லைங்க" என்றும் சொல்லலாம். பெண்களுக்குப் பேச்சு முடியும்வரை ஆண்களை வெளியே இஸ்தோப்பில் இருக்கச் சொல்லுங்கள், அது அவர்களுக்குச் செய்யும் மரியாதைதான்.

போனைக் கையில் பிடிக்காதீர்கள். நாங்கள் மேசைமேல் சீனி டின்னை வைத்து, அதில் போனைச் சாய்த்து, எட்டு அடி தள்ளி அம்மாவை நிறுத்தினோம். தலை முதல் பாதம் வரை தெரிந்தது. வெளிச்சம் அம்மாவின் முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், ஜன்னல் பின்னால் இருந்தால் நிழல்தான் தெரியும். முழங்காலுக்கு மேல் ஏற்றக்கூடிய தளர்வான பாவாடையோ களிசானோ போடுங்கள். ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். தரையில் ஒரு பாய் விரித்து வையுங்கள்.

ஆறாம் படி: பேசும்போது

முதல் நிமிடத்தில் தாளை வாசித்துவிடுங்கள். ஒரு பக்கம் வாசிக்க ஒரு நிமிடம் போதும். பிறகு டொக்டர் கேட்பதற்கு மட்டும் பதில்.

நல்ல டொக்டர் உடம்பை அசைத்துப் பார்க்கச் சொல்வார். குனிந்து விரல் எங்கே வரை போகிறது, பின்பக்கம் சாய முடிகிறதா, பக்கவாட்டில் வளைய முடிகிறதா என்று பார்ப்பார். குதிகாலில் மட்டும் நடக்கச் சொல்வார், பிறகு நுனிக்காலில் நடக்கச் சொல்வார். குதிகாலில் நிற்க முடியாமல் பாதம் விழுந்தால் ஒரு நரம்பு, நுனிக்காலில் உந்த முடியாவிட்டால் அதற்குக் கீழே இருக்கும் நரம்பு. இப்படி எட்டு அடி தூரத்திலிருந்தே பலம் குறைந்த இடத்தை அவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்தச் சொல்வார்கள். நான் அம்மாவின் வலது குதிகாலைப் பிடித்து உயர்த்தினேன். ஒரு முழம்கூட வரவில்லை. அம்மா பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, "போதும்டி" என்றார். "இடுப்பிலயா, காலிலயா வலிச்சது?" என்று டொக்டர் கேட்டார். கெண்டைக்காலில் என்றார் அம்மா. இடது காலை உயர்த்தியபோது நேராக மேலே போனது. 30 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையில் முழங்காலுக்குக் கீழே வலி பாய்ந்தால், வட்டு பிதுங்கி நரம்பு வேரை உறுத்தியிருக்கலாம் என்று விளக்கினார்.

இதை நீங்களாக முயற்சி செய்து பார்க்க வேண்டாம், டொக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் மெல்லச் செய்து, வலித்ததும் நிறுத்துங்கள்.

மரியாதைக்காகத் தலையாட்டாதீர்கள். விளங்கவில்லை என்றால் "இன்னொருக்கா சொல்லுங்க ஐயா" என்று கேட்பதில் தப்பே இல்லை. கட்டாயம் கேட்க வேண்டியவை: இது என்ன வலி, எத்தனை நாளில் குறைய வேண்டும், எது நடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வேலைக்குப் போகலாமா, என்ன பாரம் தூக்கலாம், இந்த மாத்திரை என் மற்ற மருந்தோடு ஒத்துப்போகுமா, எப்போது திரும்பக் காட்ட வேண்டும். பதிலை அப்படியே அவரிடம் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை "சாப்பிட்ட பிறகு" என்று சொன்னது "சாப்பிட முன்" என்று காதில் விழுந்துவிட்டது, திருப்பிச் சொன்னதால்தான் பிடிபட்டது.

ஏழாம் படி: மருந்தும் ஸ்கேனும்

துண்டு போனுக்கு வரும். அதில் நோயாளியின் பெயர், தேதி, டொக்டரின் பெயர், பதிவு இலக்கம், கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பதிவு செய்யப்பட்ட பாமசியில் காட்டுங்கள். சில கடைகளில் தாளாகக் கேட்பார்கள், கொமினிகேஷனில் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்றவை சாப்பாட்டுக்குப் பிறகு, சொன்ன நாளுக்கு மட்டும். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. பிரஷர், சிறுநீரகம், வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டொக்டர் சொல்லாமல் கூடாது. 500 மில்லிகிராம் பெனடோல் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு மேல் போகக் கூடாது. உடம்பு மெலிந்தவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் தினமும் குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவு, எவ்வளவு என்று டொக்டரிடம் கேளுங்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் தலை சுற்றவும் தூக்கம் வரவும் செய்யும். அந்த மயக்கத்தோடு காலையில் சரிவில் ஏறக் கூடாது, முதல் மாத்திரையை வேலையில்லாத நாளுக்கு முந்திய ராத்திரி தொடங்கலாமா என்று கேளுங்கள்.

ஸ்கேன் எழுதவில்லை என்று கோபப்பட வேண்டாம். ஆபத்து அறிகுறி இல்லாவிட்டால் முதல் 6 வாரத்தில் எம்ஆர்ஐ எடுத்தாலும் வைத்தியம் பெரும்பாலும் மாறாது. வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரரை எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் வட்டில் தேய்மானம் தெரியும். அந்த அறிக்கையை வாசித்துப் பயந்து படுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நரம்பும் வட்டும் தெரியாது.

படுத்தே கிடப்பதும் மருந்தல்ல. தாங்கக்கூடிய அளவுக்கு நடமாடுவதுதான் சீக்கிரம் குணமாக்கும். அம்மாவை முதல் கிழமை லயத்து வாசலிலிருந்து தண்ணீர்ப் பீலி வரை ஒரு நாளைக்கு மூன்று தடவை நடக்கச் சொன்னார்கள், பிறகு தூரத்தைக் கூட்டினோம். சூடான தண்ணீர் போத்தலைத் துணியில் சுற்றி இடுப்பில் வைப்பது எங்கள் குளிருக்கு நல்ல ஆறுதல். தோல் மரத்த இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது. பிசியோதெரபி பயிற்சியை டொக்டர் சொன்னால், செய்து காட்டும்போது பிள்ளை ஒருவர் அனுமதி கேட்டு வீடியோ எடுத்து வைப்பது நல்லது.

வேலைதான் கஷ்டமான இடம். எந்த டொக்டராலும் கூடையின் பாரத்தைக் குறைக்க முடியாது, ஆனால் பாரம் குறைந்த வேலை கொடுக்கும்படி ஒரு கடிதம் எழுத முடியும். கேட்டு வாங்குங்கள். அதைக் கங்காணியிடம் மட்டும் சொல்லிவிட்டு விடாமல், நலன்புரி உத்தியோகத்தரிடமும் உங்கள் சங்கத் தலைவரிடமும் பிரதி கொடுங்கள். இத்தனை வருடம் இந்த முதுகின்மேல் நின்ற தோட்டம், நாலு கிழமை இலகுவான வேலை கொடுப்பதைச் சலுகை என்று நான் நினைக்கவில்லை. அம்மா இப்போது கூடை நிரம்பும்வரை காத்திருப்பதில்லை. பாதையோரம் வைத்த சாக்கில் பாதிக் கூடையிலேயே கொட்டிவிடுகிறார். சாக்கைத் தூக்க ஆள் கேட்கிறார். முன்பு கேட்கமாட்டார்.

எட்டாம் படி: எப்போது நேரில் போவது

இரண்டு கிழமையில் கொஞ்சமும் குறையாவிட்டால் அதே டொக்டரிடம் திரும்பக் காட்டுங்கள். காலுக்கு இறங்கிய வலி முழுதாகப் போக 6 முதல் 12 வாரம்வரை எடுக்கலாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வர வேண்டும். 6 வாரத்தில் அப்படியே நின்றாலோ, பாதத்தின் பலம் குறைந்தாலோ நேரில்தான். முதல் படியில் சொன்ன எது வந்தாலும் நாள் கணக்குப் பார்க்க வேண்டாம்.

அப்போது டொக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் காசு கிடையாது. டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா, பதுளை, கண்டி தேசிய வைத்தியசாலை, உங்களுக்கு எது பக்கமோ அங்கே வெளிநோயாளர் பிரிவில் கடிதத்தைக் காட்டினால் சரியான கிளினிக்குக்கு அனுப்புவார்கள். கிளினிக் நாள் எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் போய்த் திரும்பி வராதீர்கள். பஸ்ஸில் முன்பக்க சீட்டாகப் பார்த்து உட்காருங்கள், பின் சீட்டின் குலுக்கல் வேண்டாம்.

அந்த சி.ஆர். கொப்பித் தாளை எறியாதீர்கள். கிளினிக் கொப்பி இருக்கும் பொலித்தீன் பையிலேயே மடித்து வையுங்கள். அம்மாவின் தாளில் இப்போது மூன்று தேதிகள் இருக்கின்றன. முதல் தேதிக்குப் பக்கத்தில் 8 என்று எழுதியிருக்கிறது, இரண்டாவதுக்கு 5. போன மாதம் பார்த்தபோது 2.